குடும்பங்கள் தொடங்கிய பன்னாட்டு அறக்கட்டளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு புரபோசல் எழுதவும், வெளிநாட்டு நிதிக் கணக்கை முடிக்கவும் உதவுவது என் வேலை. ஃபோர்டு, ராக்பெல்லர், கேட்ஸ் என்ற பெயர்கள் அதில் வந்துகொண்டே இருக்கும். பெயர் வந்ததும் அதே சந்தேகங்களும் பின்னாலேயே வரும்: யார் பணம் இது, யார் நடத்துகிறார்கள், நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்? கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே வைத்து விடை எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை போகப் போக. அமெரிக்க எடுத்துக்காட்டுகள்தான் அதிகம். பெரிய குடும்ப அறக்கட்டளைகளில் பல அங்கே பிறந்தவை, அவற்றுக்கான சட்டமும் அங்கே விரிவாக இருக்கிறது.

1. ஃபவுண்டேஷன்னா என்ன சார்? கம்பெனியா, டிரஸ்ட்டா, என்.ஜி.ஓ.வா?

ஒரு குடும்பம் தன் சொத்தில் ஒரு பகுதியை எழுதிக்கொடுத்து, அதைப் பொதுநலத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று சாசனம் செய்து பதிவு செய்கிறது. அதன் பிறகு அது சட்டப்படி தனி அமைப்பு. கொடுத்த பணம் குடும்பத்துடையது இல்லை, திரும்ப எடுக்கவும் முடியாது. ராக்பெல்லர் அறக்கட்டளை 1913-ல் நியூயார்க் மாநிலத்தில் பதிவானது. ஃபோர்டு அறக்கட்டளையை 1936-ல் ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல் 25,000 டாலரோடு மிச்சிகனில் தொடங்கினார். வடிவம் டிரஸ்ட்டாக இருக்கலாம், லாப நோக்கில்லாத கார்ப்பரேஷனாகவும் இருக்கலாம்.

வேலை செய்யும் விதத்தில் இரண்டு வகை உண்டு. இன்றைய ஃபோர்டும் ராக்பெல்லரும் களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நிதி தருகிறவை. ஜெர்மனியின் பெர்டல்ஸ்மான் அறக்கட்டளை தன் ஆய்வுகளையும் திட்டங்களையும் தானே நடத்துகிறது, வெளியே இருந்து விண்ணப்பம் வாங்கி நிதி தருவது அதன் வழக்கமில்லை. ஆகா கான் அமைப்புகள் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தாங்களே நடத்துகின்றன. புரபோசல் எழுத உட்காரும் முன் இது எந்த வகை என்று பார்த்துவிடுங்கள், பாதி உழைப்பு மிச்சமாகும்.

2. பணம் எங்கேருந்து வருது? அந்தக் குடும்பம் வருஷா வருஷம் போட்டுக்கிட்டே இருக்கா?

பெரும்பாலும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு விட்ட செய்தி அடிக்கடி வரும். ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நெய் அளந்துகொண்டே இருக்க வேண்டும், மந்தை மட்டும் குறையக் கூடாது. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லிலேயே வெட்டியிருப்பார்கள். அறக்கட்டளையின் மூலநிதியும் இப்படித்தான். அதைப் பங்கு, கடன் பத்திரம், கட்டடம் என்று முதலீடு செய்து, வருகிற வருமானத்தில் நிதியுதவி தருகிறார்கள்.

ஃபோர்டு அறக்கட்டளை தன்னிடம் இருந்த ஃபோர்டு மோட்டார் பங்குகளை 1956 முதல் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. 1974-க்குள் ஒரு பங்கும் மிச்சமில்லை. இன்று கார் விற்றாலும் விற்காவிட்டாலும் ஃபோர்டு அறக்கட்டளைக்கு அதனால் லாபமோ நஷ்டமோ இல்லை.

கேட்ஸ் அறக்கட்டளை இதில் வேறு மாதிரி. அங்கே கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார், பணமும் தொடர்ந்து சேர்ந்துகொண்டிருந்தது. 2006-ல் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் கம்பெனியான பெர்க்‌ஷயர் பங்குகளை ஆண்டுதோறும் தருவதாக அறிவித்தார். அதே ஆண்டு அமைப்பையும் இரண்டாகப் பிரித்தார்கள். மூலநிதியை முதலீடு செய்து பெருக்குவது ஒரு டிரஸ்ட், நிதியுதவி யாருக்கு என்று முடிவெடுப்பது அறக்கட்டளை.

3. மூலநிதியை அப்படியே பெட்டியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா? இவ்வளவு செலவு பண்ணணும்னு சட்டம் இருக்கா?

அமெரிக்காவில் இருக்கிறது. 1969-ல் வந்த வரிச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்குக் கடிவாளம் போட்டது. அது பிறகு திருத்தப்பட்டு, முதலீட்டுச் சொத்து மதிப்பில் சுமார் 5 சதவீதத்தை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்று நிலைத்தது. நியாயமான நிர்வாகச் செலவும் இந்த 5-க்குள் சேரும். முதலீட்டு வருமானத்துக்கு 1.39 சதவீத வரியும் உண்டு. இந்தியாவில் கணக்கு வேறு: வரிவிலக்கு வேண்டும் டிரஸ்ட் தன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். பிரிட்டனில் இப்படி ஒரு நிலையான சதவீதம் கிடையாது. மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் வெல்கம் டிரஸ்ட் மாதிரி பெரிய அமைப்பும் எவ்வளவு செலவிடுவது என்பதைத் தானே முடிவு செய்கிறது.

அமெரிக்கத் தனியார் அறக்கட்டளை ஒவ்வொன்றும் 990-பிஎஃப் என்ற படிவத்தை வரித்துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அது பொது ஆவணம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஃபண்டரைப் பற்றித் தெரிய வேண்டுமா, அவர்களின் பளபளப்பான ஆண்டறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு இதைத் திறங்கள். முதல் பக்கத்தில் சொத்து மதிப்பு இருக்கும். உள்ளே அறங்காவலர்களின் பெயரும், யார் எவ்வளவு வாங்கினார் என்ற விவரமும் இருக்கும். கடைசிப் பகுதியில் அந்த ஆண்டு யாருக்கு எவ்வளவு, எதற்காகக் கொடுத்தார்கள் என்ற நீண்ட பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் இந்திய முகவரிகளை மட்டும் தேடி, தொகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 3 லட்சம் டாலருக்குக் குறைந்து யாருக்கும் தராத இடத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு விண்ணப்பம் போடுவது வீண் வேலை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

4. வரியை மிச்சம் பிடிக்கத்தானே இதெல்லாம்?

அதற்கும் பெரிய பங்கு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்கா 1935-ல் பெரும் சொத்துகளின் வாரிசு வரியை உச்சத்தில் 70 சதவீதம் வரை ஏற்றியது. அடுத்த ஆண்டே ஃபோர்டு அறக்கட்டளை பிறந்தது. கம்பெனியின் பங்குகளை வாக்குரிமை இல்லாதவை, உள்ளவை என்று இரண்டாகப் பிரித்தார்கள். சுமார் 95 சதவீதம் வாக்கில்லாத பங்கு. எட்செல் 1943-லும் ஹென்றி ஃபோர்டு 1947-லும் இறந்தபோது வாக்கில்லாதவற்றில் பெரும்பகுதி அறக்கட்டளைக்குப் போனது. வாக்குள்ள சிறு பகுதி குடும்பத்திடம் நின்றது. வரியும் குறைந்தது, கம்பெனியும் கையைவிட்டுப் போகவில்லை.

நோக்கம் வேறாகவும் இருந்ததுண்டு. தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931-ல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் பெயரில் ஒரு நினைவு டிரஸ்ட் தொடங்கி, அதன் வருமானத்தில் பெரும்பகுதியை உலகில் எங்கே நடக்கும் ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் தரலாம் என்று தோராப்ஜி எழுதிவைத்தார். அந்த ஆண்டே அவரும் காலமானார். டிரஸ்ட் இன்னும் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவுகிறது.

இறந்தவர் மனதில் என்ன இருந்தது என்று தோண்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. கொடுத்த பணத்தின் மேல் இன்று முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் நான் எப்போதும் முதலில் பார்ப்பது. அடுத்த சில கேள்விகள் அதைப் பற்றியவை.

5. பேர் ஃபோர்டு. அப்போ ஃபோர்டு குடும்பம்தானே நடத்துது?

இல்லை. ஹென்றி ஃபோர்டின் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு 1976-ன் கடைசியில் அறங்காவலர் பதவியைவிட்டு விலகினார். இந்த அறக்கட்டளையே முதலாளித்துவம் ஈட்டிய பணத்தில் பிறந்தது, இங்கே இருப்பவர்களுக்கு அந்த நினைப்பே இல்லை என்ற பொருளில் கடிதம் எழுதிவிட்டுப் போனார். சொந்தத் தாத்தாவும் அப்பாவும் வைத்த பணம்தான். ஆனாலும் வாரியத்தில் அவருக்கு ஒரு வாக்கு மட்டுமே. 2019-ல் மூன்றாம் ஹென்றி ஃபோர்டு வாரியத்தில் சேர்ந்தபோது, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு ஃபோர்டு உள்ளே வருகிறார் என்று செய்தி ஆனது.

வெல்கம் டிரஸ்ட்டில் குடும்பமே இல்லை. 1936-ல் இறந்த ஹென்றி வெல்கம் தன் உயிலில் அறங்காவலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். இதற்கு நேர்மாறாக, ஹியூலெட்-பாக்கார்டு கணினி நிறுவனத்தின் டேவிட் பாக்கார்டு தொடங்கிய பாக்கார்டு அறக்கட்டளையின் வாரியத்தில் குடும்பத்தின் அடுத்தடுத்த தலைமுறைகள் இருந்துவந்திருக்கின்றன. வாசலில் தொங்கும் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அறங்காவலர் எத்தனை பேர், அதில் குடும்பத்தார் எத்தனை பேர், புதியவரை நியமிப்பது யார், இந்த மூன்றையும் பாருங்கள்.

6. புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சுட்டா அறக்கட்டளை என்ன ஆகும்?

கேட்ஸ் தம்பதியின் விவாகரத்தின்போது எல்லோரும் கேட்டது. 2021 வரை அந்த அமைப்புக்கு அறங்காவலர்கள் பில், மெலிண்டா, பஃபெட் என்று மூன்றே பேர். இவ்வளவு பெரிய பணத்துக்கு இது மிகக் குறைவு என்று பலர் முன்பே சொல்லியிருந்தார்கள். விவாகரத்து அறிவிப்பு வந்த சில வாரங்களில் பஃபெட் விலகினார். 2022 தொடக்கத்தில் வெளியாட்களைச் சேர்த்து வாரியத்தைப் பெரிதாக்கினார்கள். 2024 ஜூனில் மெலிண்டா வெளியேறினார். ஏற்கெனவே செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவருடைய சொந்த அறப்பணிக்கு 1,250 கோடி டாலர் வந்தது. அமைப்பின் பெயரும் கேட்ஸ் அறக்கட்டளை என்று சுருங்கியது.

அதே மாதக் கடைசியில் பஃபெட், தன் காலத்துக்குப் பிறகு இந்த அறக்கட்டளைக்குப் பணம் போகாது, மிச்சமிருப்பதைத் தன் மூன்று பிள்ளைகள் ஒருமித்து முடிவெடுத்துச் செலவிடுவார்கள் என்று தெரிவித்தார். சட்டப்படி பணம் குடும்பத்தைவிட்டுப் போய்விட்டது என்று முதல் விடையில் சொன்னேன். வரப்போகும் பணத்துக்கு அது பொருந்தாது. குடும்பத்துக்குள் எது மாறினாலும் அது மாறலாம்.

7. சொந்தக் கம்பெனி பங்கையே அறக்கட்டளை பேர்ல வெச்சுக்கலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் அறக்கட்டளையும் அதைத் தொடங்கிய குடும்பத்தாரும் சேர்ந்து ஒரு தொழிலின் வாக்குப் பங்கில் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பாவில் தாராளம். டென்மார்க்கில் நோவோ நார்டிஸ்க் மருந்து நிறுவனத்தின் வாக்குகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அதன் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. லெகோ பொம்மைக் கம்பெனியில் 25 சதவீதம் லெகோ அறக்கட்டளைக்கு, மிச்சம் குடும்பத்துக்கு. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் மூலதனத்தில் சுமார் 94 சதவீதம் ராபர்ட் பாஷ் அறக்கட்டளையிடம் இருந்தும் அதற்கு வாக்கு கிடையாது. வாக்குகள் பெரும்பாலும் தனியான ஒரு டிரஸ்ட்டிடம். இந்தியாவில் டாட்டா சன்ஸின் 66 சதவீதம் டாட்டா டிரஸ்ட்டுகளிடம் இருக்கிறது.

8. குடும்பத்துக்காரங்க சம்பளம் வாங்கலாமா? தங்களோட கட்டடத்தை அறக்கட்டளைக்கே வாடகைக்கு விடலாமா?

அமெரிக்கச் சட்டத்தில், செய்த வேலைக்கு நியாயமான சம்பளம் வாங்கலாம். வாடகைக்கு விடக் கூடாது. நிலத்தை விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, கடன் எடுக்கக் கூடாது. சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுத்தாலும் தடைதான், 'நல்ல விலைக்குத்தானே தந்தேன்' என்ற வாதம் எடுபடாது. மீறினால் ஆதாயம் பெற்றவர் அந்தத் தொகையில் 10 சதவீதம் ஆண்டுதோறும் வரியாகக் கட்ட வேண்டும். சரிசெய்யாமல் விட்டால் 200 சதவீதம் வரை போகும். ஊர் டிரஸ்ட் நடத்துகிறவர்களும் இதைத் தங்களுக்கான விதியாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

9. வேற நாட்டுக்குள்ள எப்படி வர்றாங்க? யாரைக் கேட்டு வர்றாங்க?

பெரும்பாலும் அந்த நாட்டு அரசோடு பேசித்தான். ஃபோர்டு அறக்கட்டளை அமெரிக்காவுக்கு வெளியே திறந்த முதல் அலுவலகம் 1952-ல் டெல்லியில், நேருவின் அழைப்பின் பேரில் வந்தது. 1960-61-ல் அதன் உதவியோடு இந்திய அரசு ஒரு தீவிர விவசாயத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுப்பது என்பதால் அதற்குப் 'பேக்கேஜ் திட்டம்' என்று பெயர். அதே 1960-ல் ஃபோர்டும் ராக்பெல்லரும் பிலிப்பைன்ஸ் அரசோடு சேர்ந்து பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. நம் வயல்களில் எல்லோரும் அறிந்த ஐ.ஆர்.8 அங்கே உருவாகி 1966-ல் வெளிவந்தது.

இன்னும் பின்னால் போனால், ராக்பெல்லர் அறக்கட்டளை 1916-ல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. தமிழகத்திலிருந்து போன தோட்டத் தொழிலாளர்கள்தான் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பான்மை. மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். ஆனால் கழிப்பிடம் இல்லாத லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வெறுங்காலோடு அதே மண்ணை மிதிக்கிறவருக்குப் புழு திரும்ப வந்துவிடும். கழிப்பிடம் கட்டப் பணம் போட வேண்டியது தோட்ட முதலாளிகள், அவர்களுக்கு அதில் அக்கறை குறைவு. எண்ணிக்கை காட்டச் சிகிச்சை எளிது, சுகாதாரம் அமைக்க நாளாகும். 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, ஒரு நோயை மட்டும் துரத்தாமல், ஊரின் சுகாதாரம் முழுவதையும் பார்க்கும் வழிக்கு மாறியது. இன்று ஒரு புரபோசலில் 'எத்தனை பேர் பயனடைந்தார்கள்' என்ற கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோட்டங்கள் நினைவுக்கு வருகின்றன.

10. எங்க ஊர் சின்ன டிரஸ்ட். நேரா அவங்களுக்கே எழுதிக் கேட்கலாமா?

எழுதலாம், ஆனால் இந்தியாவில் பணம் வாங்க வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி, எஃப்.சி.ஆர்.ஏ. என்று எல்லோரும் சொல்வது, உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும். டிரஸ்ட் தொடங்கி மூன்று ஆண்டு முடிந்திருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். புதிய டிரஸ்ட் என்றால் குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று முன் அனுமதி கேட்கலாம், அதற்குக் கொடையாளரின் உறுதிக் கடிதம் வேண்டும். பணம் முதலில் வந்து இறங்க வேண்டியது டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில் மட்டுமே.

முன்பு பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி, சின்ன டிரஸ்ட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 2020 திருத்தம் அதை அடியோடு தடுத்துவிட்டது. கிராமத்தில் நேரடியாக வேலை செய்யும் சின்ன அமைப்புகள்தான் இதில் அதிகம் அடிபட்டன. ஃபண்டர் பக்கமும் கட்டுப்பாடு வரலாம்: 2015-ல் ஃபோர்டு அறக்கட்டளையிலிருந்து வரும் பணத்தை முன் அனுமதியோடுதான் விட வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டு, 2016-ல் அதை விலக்கிக்கொண்டது.

11. புரபோசல் அனுப்பினா அப்புறம் என்ன நடக்கும்?

பல அறக்கட்டளைகள் கேட்காமல் வரும் முழு புரபோசலைப் படிப்பதே இல்லை. முதலில் இரண்டு மூன்று பக்கக் கருத்துக் குறிப்பு. அதைப் படிப்பவர் புரோகிராம் ஆபீசர். ஒரு துறைக்கோ ஒரு நாட்டுக்கோ ஒதுக்கிய தொகைக்குள் யாரைப் பரிந்துரைப்பது என்பது அவர் கையில் இருக்கிறது. அவருக்குப் பிடித்தால் முழு புரபோசல், பட்ஜெட், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, நிர்வாகக் குழு விவரம் எல்லாம் கேட்பார்கள். அமெரிக்க அறக்கட்டளை என்றால் இன்னொரு சடங்கும் உண்டு. நீங்கள் அமெரிக்கப் பொது அறநிறுவனத்துக்குச் சமமானவர் என்று சான்று வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு டாலரும் எப்படிச் செலவானது என்று அவர்களே கண்காணித்து வரித்துறைக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவு கேள்வி கேட்பதற்குக் காரணம் உங்கள் மேல் அவநம்பிக்கை இல்லை, இந்தச் சட்டம்தான்.

பிறகு ஒப்பந்தம், தவணை, அறிக்கை. முதல் கடிதத்திலிருந்து முதல் தவணை வரை ஓராண்டு ஆவது சாதாரணம். அதை நம்பி ஆள் எடுத்துவிடாதீர்கள்.

12. களத்துக்குத் தர்றாங்க, ஆபீஸ் வாடகைக்கும் கணக்காளருக்கும் தர மாட்டேங்கறாங்க. ஏன்?

என்னை அதிகம் வருத்தும் கேள்வி இது. பட்ஜெட் தாள் திரும்பி வரும்போது பாருங்கள்: களப்பணியாளர் சம்பளம் 12 மாதம், சரி. பயணம், சரி. பயிற்சி, சரி. கணக்காளர் என்ற வரியில் பாதிச் சம்பளம் என்று திருத்தியிருக்கும். வாடகை அடிக்கப்பட்டிருக்கும். தணிக்கைக் கட்டணம் 'உங்கள் பங்களிப்பு' என்ற கட்டத்துக்குப் போயிருக்கும். கடைசியில் காலாண்டு அறிக்கை தாமதமானால், ஏன் தாமதம் என்று கேட்பதும் அதே ஆள். எஃப்.சி.ஆர்.ஏ.யும் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது, 2020-க்கு முன் அது 50. பள்ளி ஆசிரியர் சம்பளம், மருத்துவமனை டாக்டர் சம்பளம் போன்றவை நிர்வாகச் செலவில் சேராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தலைப்புகளை ஒழுங்காகப் பிரித்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

மாறியவர்களும் இருக்கிறார்கள். ஃபோர்டு அறக்கட்டளை 2016-ல் நூறு கோடி டாலர் ஒதுக்கி, தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு ஐந்தாண்டுக்கு, எதற்கும் பயன்படுத்தலாம் என்ற வகையில் பெரும்பகுதியைக் கொடுத்தது. 2020 கொரோனா நேரத்தில் மூலநிதியைத் தொடாமல் நூறு கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டு, அந்தப் பணத்தையும் நிதியுதவியாகத் தந்தது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் முன்னாள் மனைவி மெக்கென்சி ஸ்காட் எந்த நிபந்தனையும் போடாமல் பெருந்தொகைகளைக் கொடுத்துவருகிறார். ஒரு அமைப்பின் மேல் நம்பிக்கை வந்தால் அதன் கணக்காளருக்கும் சேர்த்துத்தான் பணம் தர வேண்டும். வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

13. ராக்பெல்லர் ஃபவுண்டேஷன்லேருந்து 5 கோடி எனக்கு ஒதுக்கியிருக்காங்கன்னு மெயில் வந்திருக்கு. பிராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டணுமாம்...

மோசடி. கட்டாதீர்கள். எந்த அறக்கட்டளையும் நிதி தருவதற்குக் கட்டணம் கேட்காது, விண்ணப்பிக்காத தனி ஆளுக்கு மெயிலில் கோடிகளை ஒதுக்காது. அவர்கள் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களைப் பற்றிப் பல அறக்கட்டளைகள் தங்கள் தளத்திலேயே எச்சரிக்கை போட்டிருக்கின்றன. பணம் போய்விட்டால் உடனே 1930 சைபர் குற்ற எண்ணுக்கு அழையுங்கள்.

14. பாதி சொத்தைத் தர்றேன்னு கோடீஸ்வரங்க கையெழுத்து போடறாங்களே, அது கட்டாயமா?

2010-ல் பஃபெட்டும் கேட்ஸ் தம்பதியும் தொடங்கிய உறுதிமொழி அது. வெறும் வாக்குதான், சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. கவனிக்க இன்னொன்றும் இருக்கிறது: அறப்பணி என்ற பெயரில் வரும் எல்லாமே அறக்கட்டளை இல்லை. ஜுக்கர்பெர்க் தம்பதி 2015-ல் தொடங்கியது எல்.எல்.சி. என்ற கம்பெனி வடிவத்தில். அந்த வடிவத்துக்கு 3-ஆம் விடையில் சொன்ன 5 சதவீதக் கட்டாயம் கிடையாது, லாபம் பார்க்கும் தொழிலில் முதலீடும் செய்யலாம். கணக்கை அந்த அளவுக்குப் பொதுவில் வைக்க வேண்டியதும் இல்லை.

15. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒரு குடும்பம் உலக சுகாதாரத்தையே தீர்மானிக்கலாமா?

நூறு ஆண்டுக்கு மேலாக இதே கேள்வி இருக்கிறது. ராக்பெல்லர் முதலில் 1910-ல் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் சாசனம் கேட்டார். எதிர்ப்பு எழுந்ததும், குடியரசுத் தலைவர், தலைமை நீதிபதி, சில பல்கலைக்கழகத் தலைவர்கள் முதலியோரில் பெரும்பான்மையினர் சேர்ந்தால் அறங்காவலர் நியமனத்தை ரத்து செய்யலாம் என்று அவர் தரப்பு இறங்கி வந்தது. அப்படியும் மசோதா நிறைவேறவில்லை. நியூயார்க் மாநிலச் சாசனம் அந்த நிபந்தனை எதுவும் இல்லாமல் கிடைத்தது. மறு ஆண்டு, 1914 ஏப்ரலில், ராக்பெல்லர் குடும்பம் பெரும் பங்கு வைத்திருந்த கொலராடோ நிலக்கரிக் கம்பெனியின் வேலைநிறுத்தத்தில், தொழிலாளர் குடும்பங்கள் தங்கியிருந்த லட்லோ கூடாரங்கள் எரிக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். அதை விசாரித்த அரசு ஆணையம் அறக்கட்டளையையும் கேள்வி கேட்டது: ஒரு கையால் சுரங்கத்தில் இப்படி, இன்னொரு கையால் மனிதகுல நன்மையா?

இன்று கேள்வி கேட்ஸ் பக்கம் திரும்பியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்கு அதிகம் தருகிறவர்களில் கேட்ஸ் அறக்கட்டளையும் ஒன்று. அந்த நிறுவனத்துக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி 'இதற்கு மட்டும்' என்று குறித்து வருவது. நாடுகள் கட்டாயமாகச் செலுத்தும் சந்தா குறைவு. போலியோவுக்குப் பணம் நிறைய வரும். ஒரு நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பலப்படுத்த அவ்வளவு வராது. 2022-ல் உறுப்பு நாடுகள் சந்தாவைப் படிப்படியாக உயர்த்த ஒப்புக்கொண்டதற்கு இதுவும் காரணம்.

கவி தடுப்பூசிக் கூட்டணி தொடங்க கேட்ஸ் கொடுத்த 75 கோடி டாலர் இல்லாமல் ஏழை நாட்டுக் குழந்தைகள் பலருக்கு ஊசி போய்ச் சேர்ந்திருக்காது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பலன் நல்லது என்பதால், முடிவெடுத்தவரைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை வேண்டாம் என்று ஆகிவிடாது. அந்தந்த நாட்டு அரசும் மக்களும் திட்டத்தின் தொடக்கத்திலேயே மேசையில் உட்கார வேண்டும். பணம் தருகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதிகாரிகளே ஒதுங்கிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குக் கவலை வருகிறது.

16. இந்த அமைப்புகள் எப்பவும் இருக்குமா, இல்ல ஒருநாள் மூடிடுவாங்களா?

இரண்டும் உண்டு. 2-ஆம் விடையில் சொன்ன ஆட்டு மந்தை போல என்றென்றைக்கும் வைத்திருப்பது ஒரு வழி. இருக்கும் காலத்திலேயே செலவழித்து மூடுவது இன்னொன்று. சியர்ஸ் நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்ட் தன் நிதி தனக்குப் பின் 25 ஆண்டுக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்றார். அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக 5,000-க்கு மேல் பள்ளிகள் எழ உதவிவிட்டு 1948-ல் அது மூடியது. விமான நிலைய வரியில்லாக் கடைகளில் சம்பாதித்த சக் ஃபீனி, சொத்து முழுவதையும் 1980-களிலேயே சத்தமில்லாமல் தன் அட்லாண்டிக் அமைப்புக்கு எழுதிவைத்தார். 1997 வரை கொடுத்தவர் யாரென்று வெளியே தெரியாது. சுமார் 800 கோடி டாலரைக் கொடுத்து முடித்து 2020-ல் மூடினார்கள். 2025 மே மாதம் பில் கேட்ஸும் 20 ஆண்டில் 20,000 கோடி டாலர் செலவிட்டு, 2045 டிசம்பர் 31-ல் அறக்கட்டளையை மூடுவதாக அறிவித்தார்.

17. அவங்க போயிட்டா, அந்தப் பணத்துல நடந்த வேலை என்ன ஆகும்?

போகிற விதத்தைப் பொறுத்தது. 2003-ல் கேட்ஸ் பணத்தில் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் 'ஆவஹன்' என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் தொடங்கியது. பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்களிடையே ஆணுறை, சிகிச்சை, சக தோழர்கள் வழியே ஆலோசனை என்று வேலை நடந்தது. அதைப் பிறகு அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திடம் கட்டம் கட்டமாக ஒப்படைத்தார்கள். ஒரே நாளில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை, ஆண்டுக்கணக்கில் நடந்த மாற்றம் அது. ஆனாலும் அரசின் சம்பள விகிதமும் செலவு வரம்பும் வேறு. வெளிநாட்டுப் பணத்தில் நடந்த அளவுக்கே எல்லாவற்றையும் அப்படியே அரசால் எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதை எழுத்தில் கேளுங்கள்: கடைசி ஆண்டில் தொகை எப்படிக் குறையும், வாங்கிய வண்டியும் கணினியும் யாருடையது, திரட்டிய தகவல் யாரிடம் இருக்கும், களப்பணியாளர்களுக்கு எத்தனை மாத முன்னறிவிப்பு. நல்ல புரோகிராம் ஆபீசர் இந்தக் கேள்விகளைக் கேட்டுச் சங்கடப்பட மாட்டார். பதில் சொல்லாமல் நழுவுகிறவரிடம் மூன்றாண்டுத் திட்டத்தை ஓராண்டுத் திட்டமாகச் சுருக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.